சாண்ட்ரா ஷ்மர்லரை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

கர்லிங் என்றதும் "பனியில் துடைப்பம் போடுவார்களே, அதுதானே?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் சாண்ட்ரா ஷ்மர்லர். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிகர் என்ற சின்ன ஊரில் 1963-ல் பிறந்தவர். என்னைப் பொறுத்தவரை அந்த விளையாட்டு கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர்.

கேரம் ஆடியவர்களுக்கு கர்லிங் சட்டென்று பிடிபடும். 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கருங்கல்லைப் பனித்தளத்தில் தள்ளிவிட வேண்டும். மறுமுனையில் உள்ள வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யார் கல் நெருக்கமாக நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்தால் அது இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். ஒரு சுற்றில் அணிக்கு எட்டுக் கற்கள். கடைசி இரண்டையும் பெரும்பாலும் கேப்டன்தான் விடுவார். அவரை ஸ்கிப் என்பார்கள். மற்ற மூவரின் உழைப்பும் அந்தக் கடைசிக் கல்லில் வந்து நிற்கும்.

ஷ்மர்லர், ஜான் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட். இந்த நால்வரும் 1993, 1994, 1997 என மூன்று முறை கனடா பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் சேர்த்தே வென்றார்கள். இதில் யாரும் விளையாட்டை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் இல்லை. ஷ்மர்லர் ரெஜைனா நகரின் பொழுதுபோக்கு மையம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார்.

1997 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பெர்னில் மூன்றாவது உலகப் பட்டம் வென்றபோது அவர் வயிற்றில் குழந்தை. செப்டம்பரில் மகள் பிறந்தாள். நவம்பர் கடைசியில் பிராண்டன் நகரில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. பிரசவம் முடிந்து இரண்டு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே ஷானன் கிளெய்பிரிங்க் அணி. அங்கேதான் அந்த ஷாட். ஓரமாகக் கிடந்த ஒரு கல்லில் தன் கல்லை மோதவிட்டு, அது திசை திரும்பி உள்ளே போய், நடுவில் இருந்த எதிரணிக் கல்லைத் தட்டிவிட்டு அங்கேயே நின்றது. மூன்று புள்ளி! பச்சைக் குழந்தைக்காரி எப்படி ஆடுவார் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

1998 நாகானோவில்தான் மகளிர் கர்லிங் முதன்முறையாக ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. அரையிறுதியில் பிரிட்டனைக் கூடுதல் சுற்று வரை போய்த்தான் ஜெயிக்க முடிந்தது. இறுதியில் டென்மார்க்கை 7-5 என வென்றார்கள். அப்படித்தான் அந்த முதல் தங்கம் ஷ்மர்லர் அணிக்குக் கிடைத்தது.

அப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை. 1999-ல் இரண்டாவது மகள் பிறந்த பிறகு புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 2000 பிப்ரவரியில், சிகிச்சைக்கு நடுவே, மாங்க்டனில் நடந்த ஜூனியர் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனை செய்ய வந்தார். ஓர் ஆட்டத்தில் தோற்பதெல்லாம் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று இப்போது புரிகிறது என்ற அர்த்தத்தில் அங்கே பேசினார். மார்ச் 2 அன்று இறந்துவிட்டார். வயது 36. இறுதிச் சடங்கு நடந்த நாளில் சஸ்கட்டூனில் ஆண்களுக்கான தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அவருடைய இறுதிச் சடங்கை ரசிகர்கள் பார்ப்பதற்காக அங்கே ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். ஒரு விளையாட்டு தன் ஆட்களை இப்படி மதிப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. இவரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் மரணத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சோகம் உண்மைதான். ஆனால் அவர் சாம்பியன் ஆனது நோயால் அல்ல, கடைசிக் கல்லை விடும்போது இருந்த நிதானத்தால். வேலையையும் விடாமல், பிள்ளையையும் பெற்றுக்கொண்டு, அதே மூன்று தோழிகளோடு வருஷக்கணக்கில் ஆடி ஜெயித்த பெண் அவர். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்று ரெஜைனாவில் ஒரு பொழுதுபோக்கு மையத்துக்கு அவர் பெயர். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை, குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கருவிகள் வாங்க நிதி திரட்டுகிறது. நேரம் கிடைத்தால் அந்த பிராண்டன் ஷாட்டை யூடியூபில் தேடிப் பாருங்கள். கல் மோதித் திரும்பும் இடத்தை இரண்டு தடவையாவது ஓட்டிப் பாருங்கள்.