பாஸ்வேர்டு கேட்கத் தெரியாத கணினிகள்

டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைப்பது, கட்டாயம் வேண்டும் என்பவன் நான். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் பெட்டி மட்டும் போகட்டும், உள்ளே இருப்பது போகக் கூடாது. ஒரு ஆடிட்டர் அலுவலக மெஷினில் ஊரில் பாதிப் பேரின் பான், ஆதார், வங்கி விவரமெல்லாம் கிடக்கும். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இருந்தும் பாண்டியிலும் கடலூரிலும் நான் கணினி பார்த்துக்கொடுக்கும் இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கோரிக்கை இதுதான்: "தம்பி, ஆன் பண்ணதும் என்னமோ பாஸ்வேர்டு கேக்குதே, அதை எடுத்து விட்டுடுங்க."

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் திரையை அப்படிச் செய்து வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

கறுப்புத் திரை, ஓரத்தில் ஒரு வெள்ளை வரி. எந்த டிஸ்க் என்று சொல்ல முப்பது எழுத்துக்கு மேல் நீளும் ஒரு எண் சரம். கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா, தெரியாது. நம் லாக்-இன் பாஸ்வேர்டைக் கேட்கிறதா, வேறு எதையாவதா, அதுவும் தெரியாது. சில மெஷினில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) காட்டும் செய்திகள் மேலேயே வந்து விழுந்து கேள்வியையே மூடிவிடும். புளூடூத் கீபோர்டு வைத்திருப்பவர் தட்டிக்கொண்டே இருப்பார், அது இன்னும் இணைந்திருக்கவே இருக்காது.

எங்கள் பாண்டிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், நிறைந்த ஊர் இது. லீவுக்குப் பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் லேப்டாப்பில் இருப்பது அஸெர்டி என்கிற பிரெஞ்சுக் கீபோர்டு. நம் கீபோர்டில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும், அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் எம். எண்களை அடிக்க ஷிஃப்டை அழுத்த வேண்டும். பெரியப்பா மகன் அப்படி ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தார். ரீஸ்டார்ட் செய்ததும் உள்ளே போக முடியவில்லை. "தப்பா அடிக்கலடா, என் பொண்ணு பொறந்த தேதிடா அது" என்றார். உண்மைதான், அவர் சரியாகத்தான் அடித்தார். ஆனால் க்ரப் என்கிற துவக்க நிரலுக்கு, நாம் தனியாக மாற்றாதவரை, அமெரிக்கக் கீபோர்டு மட்டும்தான் தெரியும். அவர் ஷிஃப்டோடு அடித்த எண்ணெல்லாம் அங்கே ஆச்சரியக்குறியாகவும் அடைப்புக்குறியாகவும் போய்க்கொண்டிருந்தது. 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் க்யூவும் அரைப்புள்ளியும்தான் போயிருக்கும்.

இதில் எதையும் அவரால் பார்க்க முடியவில்லை. க்ரப் அங்கே ஒரு நட்சத்திரக் குறிகூடக் காட்டாது. என்டர் தட்டினால் சரியான பாஸ்வேர்டுக்கே பல விநாடி எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் ஊகித்து ஊகித்துத் திறக்கப் பார்ப்பவருக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று, கணக்கைப் போட்டுப் பார்ப்பது வேண்டுமென்றே கனமாக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் "சரிபார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை வராது. கடைசியில் தவறு என்று சொல்லிவிட்டு, பல அமைப்புகளில் இன்னொரு வாய்ப்பும் தராமல், 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற மொட்டை வரியில் விட்டுவிடும். கணினி கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாமல் இருப்பவர் யார்?

அமெரிக்கக் கீபோர்டு படத்தை ஃபோனில் எடுத்து வைத்து, எழுத்தைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பார்த்து அடியுங்கள் என்றேன். திறந்தது.

கீபோர்டு எது என்கிற தகவலே பூட்டிய டிஸ்க்குக்குள் இருக்கிறது, துவக்க நிரல் சின்னது, அதில் எதையெல்லாம் திணிப்பது என்பார்கள். நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். வெராகிரிப்ட் என்கிற என்கிரிப்ஷன் மென்பொருள், சிஸ்டம் டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு வைக்கும்போதே கீபோர்டை அமெரிக்க அமைப்புக்கு மாற்றிவிடும், அதனால் பின்னால் இந்தக் குழப்பமே வராது. விண்டோஸோடு வரும் பிட்லாக்கரில் இன்செர்ட் விசையைத் தட்டினால் நீங்கள் அடிக்கும் பின் நம்பர் கண்ணுக்குத் தெரியும். லினக்ஸிலேயே, துவக்கத்தில் படத்தோடு வரும் ப்ளிமத் திரை இப்போது கீபோர்டு அமைப்பையும் கேப்ஸ் லாக்கையும் காட்டுகிறது. மனம் வைத்தால் முடிகிறது என்றுதானே அர்த்தம்?

பிட்லாக்கரின் பிரச்சினை வேறு. சாதாரணமாக அது எதையும் கேட்காது, மெஷினுக்குள் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் தானே திறந்துவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டால் பெரும்பாலான மெஷினில் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிறது. உரிமையாளருக்கே தெரியாது. ஒருநாள் பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் அடிப்படை நிரல்) அப்டேட் ஆகும், நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் உலகம் முழுவதும் 85 லட்சம் மெஷின்கள் படுத்தபோது, பல நிறுவனங்களில் சரிசெய்ய உட்கார்ந்தவர்கள் இந்தச் சாவியைத் தேடித்தான் அலைந்தார்கள். இத்தனைக்கும் அந்தச் சாவியில் ஒரு அழகு இருக்கிறது. ஆறு இலக்கம் கொண்ட எட்டுத் தொகுதி, ஒவ்வொன்றும் 11-ஆல் வகுபடும். ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் அந்தத் தொகுதியிலேயே தவறு என்று கண்டுபிடித்துவிடலாம். மனுஷன் தப்பு செய்வான் என்று யோசித்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு மற்றத் திரைகளையும் எழுதச் சொல்ல வேண்டும்.

அப்புறம் கரண்ட். புயல், மழை என்றால் இந்தக் கடற்கரையில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ராத்திரி வந்து சர்வர் தானே ஆன் ஆனால், காலையில் யாராவது ஷட்டரைத் திறக்கும்வரை பாஸ்வேர்டு கேட்டபடி நின்றிருக்கும். தூரத்திலிருந்து திறக்க வழிகள் உண்டு, ஆனால் சின்ன அலுவலகத்தில் அதை யார் அமைத்துக் கொடுப்பது.

லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷனான லக்ஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: ஒரே டிஸ்க்குக்குப் பல பாஸ்வேர்டு வைக்கலாம். பழைய வடிவத்தில் 8, புதியதில் 32 வரை இடம் உண்டு. அண்ணன் அடிக்கும் அதே விசைகள் அமெரிக்க அமைப்பில் என்ன எழுத்தாகுமோ, அதை இரண்டாவது பாஸ்வேர்டாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். விண்டோஸ்காரர்கள் செட்டிங்ஸில் போய் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால் அந்த 48 இலக்கத்தை ப்ரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம்.