சிரித்த முகத்துக்கு டிக் போட்டால் அறிவியல் வந்துவிட்டதா?

ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) திட்டம் எதுவானாலும் ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை வரும். இத்தனை பள்ளிகள், இத்தனை மாணவர்கள், அப்புறம் நுண்ணோக்கியைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் படம். பொய் எதுவும் இருக்காது. ஆனால் அது வேலை நடந்ததற்கான கணக்குதான். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள் எட்டாவது முடிக்கும்போது அவளிடம் என்ன மாறியது என்று ஒரு வரி கிடைக்காது.

நம்மூர் வானவில் மன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டும் தமிழ்நாடு அரசுத் திட்டம். 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 700 சொச்சம் கருத்தாளர்கள், வண்டியில் சோதனைப் பொருட்களைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடித்த திட்டம். ஆனால் வகுத்துப் பாருங்கள், ஒருவர் தலையில் ஏறத்தாழ 18 பள்ளிகள். ஒரு பள்ளிக்கு எப்போதாவதுதான் வர முடியும். அப்படியென்றால் தாக்கம் இருந்தாலும் சிறியதாகத்தான் இருக்கும். சிறியதை அளக்க நுணுக்கமான அளவுகோல் வேண்டும். நாம் கொடுப்பதோ, பிடித்ததா என்று கேட்டு சிரித்த முகம், சோர்ந்த முகம் போட்ட ஒரு தாள்! வகுப்பே சிரித்த முகத்துக்கு டிக் போடும். பாடம் இல்லாத பீரியட் யாருக்குத்தான் பிடிக்காது?

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். முட்டை மேலே வந்ததும் கைதட்டல். அதோடு விடாமல், "இதே தண்ணீரை அண்டா நிறைய எடுத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். "தண்ணி நிறைய இருக்கே, இன்னும் நல்லா மிதக்கும்" என்று பாதி வகுப்பு சொல்லும். எவ்வளவு தண்ணீர் என்பதல்ல, அது எவ்வளவு அடர்த்தி என்பதுதான் விஷயம் என்று ஒரு பிள்ளை யோசிக்கிறதா? இந்த ஒரு கேள்வியைச் சோதனைக்கு முன்பும், மூன்று மாதம் கழித்தும் கேட்டால் போதும். நூறு டிக்கைவிட அது அதிகம் சொல்லும்.

மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2006இல் சயன்ஸ் இதழில் ராபர்ட் டாய் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டு, பட்டம் வாங்கும்வரை பின்தொடர்ந்த தரவு. அறிவியல் வேலையைச் சொன்னவர்கள் இயற்பியல், பொறியியல் பக்கம் பட்டம் பெறும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். கணக்கில் சராசரியாக இருந்து ஆசை இருந்தவர்கள், கணக்கில் கெட்டியாக இருந்து ஆசை இல்லாதவர்களை முந்தினார்கள். ஆசைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 13 வயது ஆசை அளக்கத் தகுந்தது என்று தெரிகிறது.

அளப்பதற்கு வேண்டியது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் உள்ள அடையாள எண்) உண்டு. 2022-23இல் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் 2027 ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்கு வருவார்கள். யார் எந்த குரூப் எடுக்கிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் கணக்கு குரூப் பக்கம் போகிறார்கள் என்று பார்க்கலாம். கருத்தாளர் அடிக்கடி போன பள்ளியையும் அரிதாகப் போன பள்ளியையும் மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் பஸ் வசதியுள்ள ஊருக்குத்தான் அடிக்கடி போக முடியும். அதே பள்ளியில் திட்டம் வருவதற்கு முன்பு படித்த செட் பிள்ளைகளோடும் ஒப்பிட வேண்டும். அந்த குரூப்பே இல்லாத மேல்நிலைப் பள்ளிகளைத் தனியாக வைக்க வேண்டும், இல்லாததை எடுக்கவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

இதைத் திட்டத்தை நடத்துபவர்களே செய்யக் கூடாது. பெயர்களை நீக்கிவிட்டு, ஏதாவது பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையிடம் தரவைக் கொடுக்கட்டும். தாக்கம் இல்லை என்று வந்தாலும் வெளியிடட்டும்.

ஆனால் தயவுசெய்து ஆசிரியர்கள் கையில் இன்னொரு படிவத்தைத் திணிக்காதீர்கள். இருக்கிற ஆன்லைன் பதிவுகளை ஏற்றி முடிப்பதற்குள்ளேயே முதல் பீரியட் போய்விடுகிறது.