பிளேட்லெட்டை மட்டும் பாக்காதீங்க, பி.சி.வி.யையும் பாருங்க

பெங்களூருல மழை ஆரம்பிச்சா போதும், ஹலசூரு, விவேக் நகர், ஸ்ரீராம்புரம்னு நம்ம ஆளுங்க இருக்கற வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே மெசேஜ், "அண்ணா அவசரம், தம்பிக்கு டெங்கு, பிளேட்லெட் 32 ஆயிரம், டோனர் வேணும்". அந்த பதட்டம் புரியுது. ஆனா டெங்கு யாருக்கு முத்தும், யாருக்கு தானா சரியாகும்னு அந்த ஒத்த நம்பர் சொல்லாதுங்க.

அதே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல பி.சி.வி.ன்னு ஒரு வரி இருக்கும், ஹிமட்டோகிரிட்னும் போடுவாங்க, ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு பங்குன்னு காட்டற நம்பர், அதை யாரும் பாக்கறதே இல்ல. டெங்குல ஆளை சாய்க்கறது பெரும்பாலும் ரத்தப்போக்கு இல்ல, சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல இருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்துல இருக்கற நீர்ப்பகுதி, கசிஞ்சு வயித்துலயும் நெஞ்சுலயும் போய் சேர்ந்துடும், குழாய்க்குள்ள மிஞ்சின ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். 40 இருந்தவருக்கு 48 ஆச்சுன்னா 20 சதவீதம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், பிளேட்லெட் எவ்வளவு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும். அதனால தான் காய்ச்சல் வந்த முதல் ரெண்டு மூணு நாள்லயே ஒரு சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணற சாதாரண டெஸ்ட்) எடுத்து வச்சுக்கணும்னு சொல்றேன், முதல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாம ஏறிச்சா இல்லையான்னு எப்படி சொல்ல முடியும்?

இன்னொரு கொடுமை, இதெல்லாம் நடக்கறதே காய்ச்சல் விடற நேரத்துல தான். மூணாவது நாள்லருந்து ஏழாவது நாளுக்குள்ள சூடு இறங்கும், வீட்ல எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விடுவாங்க, அந்த 24-48 மணி நேரம் தான் கண்டம். கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ஆள் துவண்டு போறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகாம இருக்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் காத்திருக்காதீங்க. பி.பி. 100/80ன்னு வந்தா நார்மல்னு விட்டுடாதீங்க, நடுவுல இடைவெளி வெறும் 20 தான், அது ஷாக்குக்கு, அதாவது உடம்புல ரத்த ஓட்டம் சரியறதுக்கு, அடையாளம்.

பெரிய ரத்தக்கசிவு இல்லாம பிளேட்லெட் 20 ஆயிரத்துக்கு கீழ போனவங்களுக்கு முன்கூட்டியே ஏத்தினா பலன் இருக்கான்னு சிங்கப்பூர், மலேசியாவுல பாத்து 2017-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க, ரத்தக்கசிவு குறையல, பக்கவிளைவு தான் கூடுச்சு. ரத்தம் கசியறவங்களுக்கு டாக்டர் ஏத்தச் சொன்னா அது வேற. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 20 ஜீனை (மரபணுவை) வச்சு யாருக்கு முத்தும்னு முன்னாடியே சொல்லலாம்னு 2019-ல காட்டினாங்க, அது நம்ம தெருமுனை லேபுக்கு வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கறது இந்த சாதாரண ரிப்போர்ட் தான்.

ஏற்கனவே டெங்கு வந்தவங்க இருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, வைரஸ்ல நாலு வகை இருக்கு, ரெண்டாவது தடவை வேற வகை வந்தா முத்தற ஆபத்து ஜாஸ்தி. வலிக்குதுன்னு புரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் மெடிக்கல்ல கேட்டு வாங்கி போடாதீங்க, டாக்டர் சொன்ன அளவுல பாரசிட்டமால் மட்டும். இனிமே குரூப்ல போடும்போது எத்தனாவது நாள், பி.சி.வி. நேத்து எவ்வளவு இன்னிக்கு எவ்வளவு, இதையும் சேர்த்து போடுங்க.