பிசில ஆடுறவனுக்கு எதுக்குய்யா கேப்சர் கார்டு

அக்கா பையன் போன மாசம் ஒரு சின்ன டப்பாவோட வந்து நின்னான். கேப்சர் கார்டாம், ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைச்சுதாம், டப்பா மேல பெருசா 4கே-ன்னு போட்டிருக்கு. நீ கேம் ஆடுறது எதுலடான்னேன், பிசிலன்னான். ரெக்கார்ட் பண்ணப்போறது எதுலன்னேன், அதே பிசிலன்னான். அப்புறம் இது எதுக்குடான்னா "யூடியூபர் எல்லாம் வெச்சிருக்காங்க மாமா"ங்கிறான்.

கேப்சர் கார்டுங்கிறது வேற ஒரு பெட்டிலேர்ந்து, பிஎஸ்5, ஸ்விட்ச் மாதிரி கேம் பெட்டிலேர்ந்து, எச்டிஎம்ஐ வழியா வர்ற படத்த பிசிக்குள்ள இழுக்குற சாமான். கேமே பிசிலதான் ஓடுதுன்னா படம் ஏற்கெனவே கிராபிக்ஸ் கார்டுக்குள்ள இருக்கு. நம்ம கிணத்துத் தண்ணிய லாரில ஏத்தி ஊரச் சுத்தி நம்ம வீட்டுக்கே கொண்டாந்து ஊத்துற கதை இது.

அந்த 4கே கதையையும் சொல்லிடுறேன். 4கே சிக்னல் கொடுத்தா வாங்கிக்கும், அவ்ளோதான், வெளிய தர்றது 1080ல செகண்டுக்கு 30 ஃப்ரேம். உள்ள இருக்குறது யூஎஸ்பி 2.0, அதோட வேகம் பேப்பர்லயே செகண்டுக்கு 480 மெகாபிட்தான், 1080ல 60 ஃப்ரேம சுருக்காம அனுப்பணும்னா 1500 மெகாபிட் கிட்ட வேணும், எப்படிப் போகும்? அதனால ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக் போட்டோ மாதிரி அமுக்கித்தான் அனுப்புது. வாங்குற வாய் பெருசு, விடுற வாய் சின்னது. இதுல நீலக் கலர் பிளாஸ்டிக் வெச்சு வேகமான யூஎஸ்பி 3 மாதிரி வேஷம் வேற.

சாஃப்ட்வேருக்கும் காசு கட்டத் தேவையில்ல. ஸ்க்ரீன்ல ஓடுறத ரெக்கார்ட் பண்ற ஓபிஎஸ்ங்கிற சாஃப்ட்வேர் 2012லேர்ந்து இருக்கு, இலவசம், வாட்டர்மார்க் கிடையாது, பத்து நிமிஷத்துல நிக்காது. ஒரே ஒரு கிளிப் போதும்னா விண்டோஸ் கீயோட ஜி அமுக்குனா கேம் பார் வருமே, அதுவே போதும். லேப்டாப்ல ஓபிஎஸ் கருப்பா காட்டுதுன்னு பாதிப் பேர் அன்இன்ஸ்டால் பண்ணிடுறாங்க, அது பெரும்பாலும் ரெண்டு கிராபிக்ஸ் இருக்குற பிரச்சனை, கேம் ஒண்ணுலயும் ஓபிஎஸ் இன்னொண்ணுலயும் ஓடும். விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ல போய் ரெண்டையும் ஒரே கார்டுக்கு மாத்துங்க.

படத்த சுருக்கி ஃபைலாக்குற என்கோடர்ல எக்ஸ்264 வெச்சா சிபியூவத் தின்னுடும், கேம் திக்கும். என்விடியா கார்டு இருந்தா என்விஎன்க்ங்கிற என்கோடர வைங்க, அதுக்குன்னே கார்டுல தனி சர்க்யூட் இருக்கு, ஆனா ஜிடி 1030ல அது கிடையாது, வாங்கிட்டு அழாதீங்க. அப்புறம் லைவ் போடுறதுக்கான 6000 பிட்ரேட்ட (செகண்டுக்கு 6000 கிலோபிட்) ரெக்கார்டிங்குக்கும் அப்படியே வெச்சுட்டு பப்ஜி புல்வெளி எல்லாம் பாசி பிடிச்ச மாதிரி இருக்குன்னா எப்படி? பிட்ரேட்ட விட்டுட்டு குவாலிட்டிய ஒரே அளவுல பிடிக்கிற சிக்யூபிய 20ல வைங்க, ஃபைல் பெருசாத்தான் வரும். செகண்டுக்கு 50 மெகாபிட்ல போச்சுன்னாலே ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபி. எஸ்எஸ்டிதான் வேணும்னு இல்ல, செகண்டுக்கு 6 எம்பி சில்லறைதான், பழைய ஹார்டு டிஸ்க்கே தாங்கும்.

அக்கா பையன் எல்டன் ரிங் கேம்ல மலேனியாங்கிற கஷ்டமான பாஸ மூணு மணி நேரம் ராத்திரி முட்டி மோதி ஜெயிச்சான். கத்துன கத்துல அக்கா எந்திரிச்சு வந்துடுச்சு. ஜெயிச்ச சந்தோஷத்துல ஸ்டாப் அமுக்க மறந்துட்டு தண்ணி குடிக்கப் போனான் பாருங்க, கரண்ட் போச்சு. யூபிஎஸ் கிடையாது. கரண்ட் வந்து பார்த்தா 40 ஜிபி ஃபைல் அங்கதான் இருக்கு, விஎல்சில போட்டா ஓடல. இவன் ரெக்கார்ட் பண்ணது எம்பி4 ஃபைலா. எம்பி4ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கிற அட்டவணைய ரெக்கார்டிங் முடிஞ்ச பிறகுதான் கடைசில எழுதும், அது எழுதலன்னா உள்ள எல்லாம் இருந்தும் பிளேயருக்குத் தெரியாது. எம்கேவிங்கிற இன்னொரு ஃபைல் வகைல வெச்சிருந்தா கடைசி ஒண்ணு ரெண்டு செகண்டுதான் போயிருக்கும். எடிட் பண்ண எம்பி4 வேணும்னா ஓபிஎஸ்லயே ரீமக்ஸ்னு இருக்கு, ஃபைல் வகைய மட்டும் மாத்தும், குவாலிட்டி குறையாது. 30.2 வெர்ஷன்லேர்ந்து பாதில நின்னாலும் ஓடுற ஹைப்ரிட் எம்பி4னும் ஒண்ணு கொடுத்திருக்காங்க, அதுவும் சரிதான். இவன் வெச்சிருந்தது ஏதோ பழைய வெர்ஷன்.

ரெண்டு நாள் என்கூட பேசல, நான் என்னடா பண்ணேன்?

காசு செலவு பண்ணியே ஆகணும்னா மைக்குக்குப் பண்ணுங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பார்ப்பாங்க, காது வலிச்சா அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்க. இவனோட இன்னொரு ரெக்கார்டிங்ல, ஹெட்செட் மைக்ல பாஸ் ஃபைட்ட விட சீலிங் ஃபேன்தான் நல்லா கேக்குது, நடுவுல அக்காவோட குக்கர் மூணு விசில். நல்லவேளை கேம் சத்தத்தையும் மைக்கையும் தனித்தனி டிராக்ல போட வெச்சிருந்தேன், ஓபிஎஸ்ல ஆறு டிராக் வரைக்கும் போடலாம், அதனால விசில மட்டும் வெட்டி எடுத்தோம். ஃபேன ஒண்ணும் பண்ண முடியல. மே மாசத்துல அத நிறுத்துடான்னு சொல்ல எனக்கே மனசு வரல.

அந்தக் கேப்சர் கார்டு டப்பாவோட என் மேசைலதான் கிடக்கு. பிஎஸ்5 வெச்சிருக்குறவங்க யாருக்காவது 30 ஃப்ரேம் போதும்னா சொல்லுங்க, கூரியர் காசு மட்டும் உங்களோடது. மாட்டுறதுக்கு முன்னாடி பிஎஸ்5 செட்டிங்ல எச்டிசிபிங்கிற காப்பி தடுப்புப் பூட்ட ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா படம் வரலன்னு எனக்கே போன் பண்ணுவீங்க.