எலுமிச்சை சிவக்கும் முன்பே காரியம் முடிந்துவிடுகிறது

செய்வினை எடுக்கிறேன் என்று வருபவர் அறுக்கும் எலுமிச்சையில் 'ரத்தம்' வருவது செம்பருத்தியின் வேலை. நாலைந்து இதழைக் கத்தியின் இரு பக்கமும் அழுத்தித் தேய்த்தால் ஊதாச் சாறு படியும். காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. பழத்தின் புளிப்பு பட்டதும் அந்தச் சாயம் சிவக்கும். பழம் வற்றிப்போயிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டாலும் அப்படித்தான். வீட்டுக் கத்தியை நீட்டிப் பாருங்கள், வாங்க மாட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் சிட்டிகைச் சுண்ணாம்பு போட்டு ஆரத்தி சுற்றுகிற ஊரில் இந்த வித்தை எடுபடுவதுதான் வேடிக்கை!

பகுத்தறிவு மேடைகளில் இதைச் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்குகிறோம். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கத்தி வெளியே வருவதற்குள் அந்த வீடு செய்வினை எடுக்க வந்தவர் கைக்குள் போயிருக்கும். "தூக்கம் சரியில்லையே? சொந்தத்துல ஒருத்தரோட பேச்சுவார்த்தை இல்லையே?" எந்த வீட்டுக்குத்தான் பொருந்தாது? "ஆமா சாமி, நாத்தனார்தான்" என்று இவர்களே எடுத்துக்கொடுப்பார்கள். கால் மணி நேரம் கழித்து அதே நாத்தனார் குறியாகத் திரும்பி வருவாள். சொன்னது தாங்கள்தான் என்பது அதற்குள் மறந்திருக்கும்.

சங்கப் பாடல்களில் நோய்க்குக் காரணம் கேட்டு முருகனுக்கு ஆடும் வெறியாட்டுச் சடங்கிலும் இதே கதைதான். மகள் மெலிகிறாள், தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள், கழங்குக் காய்களை உருட்டிக் குறி பார்த்து 'முருகன் அணங்கினான்' (பிடித்து வருத்துகிறான்) என்கிறான் அவன், ஆட்டுக்குட்டி பலியாகிறது. தோழிக்குத் தெரியும், காரணம் தலைவன். நற்றிணை 34-இல் முருகனிடமே சொல்லிவிடுகிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே." நீ கடவுளாகவே இருந்தாலும் நிச்சயம் அறிவில்லாதவன் என்று பொருள். கழங்கு எப்படி விழுந்தது என்று அவள் ஆராயவே இல்லை. நோய்க்குக் காரணம் வேறு என்கிறாள், அவ்வளவுதான்.

சட்டமும் பாதியில் நின்றுவிடுகிறது. தாயத்தும் மந்திரமும் சர்க்கரை நோய், வலிப்பு போன்றவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மின்சார ரயில் பெட்டியில் ஒட்டும் நோட்டீஸ் 'கணவன் மனைவி பிரச்சினை, வசியம்' என்றுதான் பேசும். நோய் என்ற சொல்லே இருக்காது.

மேடையில் செய்துகாட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கத்தியைக் கடைசியில் எடுங்கள். முதலில் கூட்டத்தில் ஒருவருக்குக் குறி சொல்லுங்கள்; அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும். முடிந்ததும் அந்தத் தாளை அவரிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.