கட்டில் கொடுக்கும் அமைப்புக்கு ஒரு நிறுவனம் எப்படி உதவ வேண்டும்?

ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டிலும் மெத்தையும் கொடுக்கும் அமைப்புக்கு ஒரு நிறுவனம் கை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். சோறு, துணி, புத்தகம் கொடுக்கப் பலர் முன்வருவார்கள். படுக்கை பற்றிய நினைப்பு சட்டென்று யாருக்கும் வராது. கிழிந்த சட்டை வாசலிலேயே கண்ணில் பட்டுவிடும். ஒரு பிள்ளை ராத்திரி எங்கே படுக்கிறது என்பது வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பெற்றவர்களும் அதை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

இது ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் பர்னார்டோஸ் என்ற பழைய குழந்தைகள் நல அமைப்பு 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கட்டில் வாங்க வழியில்லாமல் தரையிலோ, பெற்றோருடனோ கூடப் பிறந்தவர்களுடனோ ஒரே படுக்கையில் நெருக்கியடித்தோ தூங்கும் பிள்ளைகள் அந்த நாட்டில் 10 லட்சத்துக்கும் மேல் என்று அது கணக்கிட்டது.

தரையில் படுத்தால் என்ன, எத்தனையோ பேர் அப்படி வளரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. விருப்பப்பட்டு, சுத்தமான விரிப்பில், கை கால் நீட்டிப் படுப்பதில் ஒரு குறையும் இல்லை. நான் சொல்வது ஈரம் ஏறும் தரையை. பூச்சி ஊரும் மூலையை. மூன்று பேருக்கு ஒரு போர்வை என்ற நிலையை. 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. பக்கத்தில் படுத்தவர் புரளும்போதெல்லாம் விழித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். குழந்தைகள் பல நேரம் நேர்மாறாக நடந்துகொள்வார்கள்: எரிந்து விழுவார்கள், ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், பாடத்தில் கவனம் நிற்காது. வகுப்பில் அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கும் சிலருக்கு ஒரு மெத்தைதான் தேவைப்பட்டிருக்கும்.

சரி, நிறுவனங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் மெத்தைத் தொழிலில் இருப்பவன். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. காசோலை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, பணம் இல்லாமல் எதுவும் நகராது. ஆனால் நிறுவனத்தின் கையில் பணத்தைவிட உதவும் பொருள் நிறைய இருக்கிறது. மரம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, குடோன் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கொடுங்கள் என்கிறேன்.

அமெரிக்காவில் ‘ஸ்லீப் இன் ஹெவன்லி பீஸ்’ என்ற அமைப்பு 2012இல் ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸ் ஊரில் தொடங்கியது. தொடங்கிய இடம் ஒரு வீட்டின் கார் கொட்டகை. தங்கள் ஊரில் எந்தக் குழந்தையும் தரையில் தூங்கக் கூடாது என்பதுதான் அவர்கள் முழக்கம். தன்னார்வலர்கள் ஒரு நாள் கூடி மரத்தை அறுத்து, துளை போட்டு, உப்புத்தாளால் தேய்த்துச் சிராய் இல்லாமல் ஆக்குகிறார்கள். வினிகரில் இரும்பு நாரை ஊற வைத்த கரைசலில் பலகைகளை முக்கி எடுத்து நிறம் ஏற்றுகிறார்கள். அப்புறம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கட்டிலாகப் பொருத்தி, விரிப்பும் தலையணையும் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். லோஸ் என்ற பெரிய கட்டுமானப் பொருள் நிறுவனம் இவர்களுக்குத் துணை நிற்கிறது. அதன் ஊழியர்களும் கட்டில் செய்யும் வேலையில் இறங்குகிறார்கள். எனக்குப் பிடித்த உதவி இந்த மாதிரிதான்.

கொடுப்பவர் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்குத் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். இடம் குறைவான வீடுகளுக்கு அடுக்குக் கட்டில்தான் சரிப்படும். மேல் கட்டிலில் பிள்ளை உருண்டு விழாமல் இருக்கத் தடுப்புக் கட்டை இருக்கும். மெத்தையின் மேற்பரப்பிலிருந்து அது குறைந்தது 5 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. இப்போது ஒரு நிறுவனம் பெரிய மனசோடு, இருப்பதிலேயே தடிமனான மெத்தையை அனுப்புகிறது என்று வையுங்கள். மெத்தை உயர உயரத் தடுப்பு தாழ்ந்துபோகும். கடைசியில் தடுப்பு இருந்தும் இல்லாத கணக்குதான். விலை உயர்ந்த மெத்தையே அங்கே ஆபத்தாகிவிடும். எத்தனை அங்குலம் வேண்டும் என்று முன்பே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் இந்தச் சிக்கலே வராது. 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை மேல் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது என்பதையும் வீட்டில் கட்டிலைப் பொருத்துபவரே பெற்றோரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

எங்கள் தொழிலில் சரக்கைவிட அது அடைக்கும் இடம்தான் பெரிய தலைவலி. ஒரே நாளில் 500 மெத்தை லாரியில் வந்து இறங்கினால், சின்ன அமைப்பு அதை எங்கே வைக்கும்? மழையில் நனைந்தால் மெத்தை போச்சு. மாதம் 20 என்று மூன்று வருடம் தவறாமல் கொடுங்கள், வைத்துக்கொள்ளும் பொறுப்பை உங்கள் குடோன் ஏற்கட்டும். நாளிதழில் போட அது பெரிய செய்தி ஆகாது. ஆனால் காத்திருக்கும் குடும்பத்துக்கு, அடுத்த மாதம் கட்டாயம் வரும் என்று அமைப்பால் உறுதி சொல்ல முடியும்.

தயவுசெய்து, குழந்தையின் போட்டோ வேண்டாம். புதுக் கட்டிலில் உட்கார வைத்து, பின்னால் நிறுவனத்தின் பேனரைப் பிடித்துப் படம் எடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும். அதற்குக் கட்டில் இல்லாமல் இருந்தது கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? விளம்பரம் தேவை என்றால் கட்டிலைப் படம் எடுங்கள், பலகை தேய்க்கும் உங்கள் ஊழியரை எடுங்கள். அவர்கள் சந்தோஷமாக நிற்பார்கள்.

அந்த ஊழியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டில் செய்யும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். விடுமுறை நாளில் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் செய்யாதீர்கள். உங்கள் குடோனில் மூட்டை தூக்குபவரின் பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதும் உங்கள் பொறுப்பில்தான் வருகிறது. படுக்கை வாங்கப் போதாத கூலியைக் கொடுத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கட்டில் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. முதலில் கூலியைச் சரி செய்யுங்கள். இரண்டையும் செய்யும் வசதி பல நிறுவனங்களுக்கு இருக்கிறது.

இதில் இறங்க நினைக்கும் முதலாளிகள், அமைப்பில் வீடு வீடாகக் கட்டில் இறக்கும் ஆளிடம் முதலில் பேசுங்கள். இந்த வாரம் எது இல்லாமல் வேலை நிற்கிறது என்று கேளுங்கள். பத்து விரிப்பு என்பார், இல்லையென்றால் சனிக்கிழமைக்கு ஒரு வண்டியும் டிரைவரும் என்பார். அதையே கொடுங்கள்.