வர்ஜீனியாவைப் பிழைக்க வைத்தது சபை அல்ல, 50 ஏக்கர்

அமெரிக்க ஜனநாயகம் பிறந்த இடம் எது என்று கேட்டால், வர்ஜீனியா என்ற ஆங்கிலேயக் காலனியின் முதல் மக்கள் சபை கூடியதைச் சொல்லி, 1619 ஜூலை 30, ஜேம்ஸ்டவுன் தேவாலயம், 22 பிரதிநிதிகள் என்று மளமளவென்று ஒப்பிப்பார்கள். தேதியில் தவறில்லை. ஆனால் அந்தக் காலனி பிழைத்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய வருஷம் லண்டனில் எழுதிய ஒரு நில விதி. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தக் காலனியை நிறுவிய வர்ஜீனியா கம்பெனி 1606 ஏப்ரலில் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் பட்டயம் வாங்கிய கூட்டுப் பங்கு நிறுவனம். 1609 கணக்குப்படி ஒரு பங்கு 12 பவுன் 10 ஷில்லிங். பணம் இல்லாதவன் கப்பலேறிப் போனால் அவன் உடம்பே ஒரு பங்கு. விளைவதெல்லாம் பொதுப் பண்டசாலைக்கு. ஏழு வருஷம் கழித்துத்தான் பிரிவினை. இதன் பொருளாளர் சர் தாமஸ் ஸ்மித். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கவர்னர் அவரேதான்! சறுக்கல் இங்கேயே தொடங்குகிறது என்பேன். மசூலிப்பட்டினத்தில் நெசவாளரும் தரகரும் துணியும் ஏற்கெனவே இருந்தார்கள். காசைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தால் போதும். வர்ஜீனியாவில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை. சரக்கை முதலில் விளைவிக்க வேண்டும், அதற்கும் முன்னால் சாப்பிட வேண்டும்.

ஜேம்ஸ்டவுனுக்கான இடத்தேர்வும் கப்பல்காரன் கண்ணோடு செய்ததுதான். கரையோரமே ஆழம், கப்பலை மரத்திலேயே கட்டலாம், ஸ்பானியர் கண்ணில் சட்டென்று படாது. ஆனால் சதுப்பு நிலம். கோடையில் ஆற்று நீர் குறைந்ததும் கடல் ஏற்றம் உப்பைக் கொண்டுவரும், கழிவும் அடித்துப் போகாமல் அங்கேயே நிற்கும். குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். 1607 மே மாதம் இறங்கியவர்கள் 104 பேர், அடுத்த ஜனவரியில் மிஞ்சியது 38. 1606 முதல் 1612 வரை கடும் வறட்சி வேறு, மரவளையங்களில் பதிவாகியிருக்கிறது. 1609-10 குளிர்காலத்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவுஹாத்தன் மக்கள் கோட்டையைச் சூழ்ந்தபின், இடையில் புதிதாக வந்தவர்களையும் சேர்த்து உயிரோடு இருந்தவர்கள் 60 பேர்தான்.

‘சோம்பேறிக் கனவான்கள் மண்வெட்டி பிடிக்கவில்லை’ என்ற பழைய கதை எனக்கு முழுசாக ஒப்பவில்லை. பொதுப் பண்டசாலைக்கு உழைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கை ஓடும்? 1611-இல் ராணுவச் சட்டம் போட்டார்கள், பண்டசாலையில் திருடினால் மரணம். கதிர் விளைந்தது அதனால் அல்ல. 1614-இல் காலனியை நிர்வகித்த தாமஸ் டேல் ஆளுக்கு 3 ஏக்கர் குத்தகையாகக் கொடுத்து, வருஷத்துக்கு இரண்டரை பீப்பாய் மக்காச்சோளம் அளந்தால் போதும் என்றபோதுதான் விளைந்தது.

1616-இல் பங்கு பிரிக்கும் நாள் வந்தது, கல்லாவில் காசு இல்லை. நிலத்தைக் கொடுத்தார்கள். அந்த யோசனையின் அடுத்த படிதான் 1618 விதி: ஓர் ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுவரச் செலவழிப்பவருக்கு 50 ஏக்கர். கப்பல் கூலி சுமார் 6 பவுன். வந்தவன் நான்கு முதல் ஏழு வருஷம் கூலியில்லாமல் உழைத்து அதைக் கழிக்க வேண்டும். நிலம் அவனுக்கு அல்ல, கப்பல் கூலி கட்டியவருக்கு. பின்னாளில் ஒரே தலைக்குக் கப்பல் தலைவனும் பண்ணைக்காரனும் தனித்தனியாக நிலம் வாங்கிக்கொண்டார்கள். வந்து திரும்பிப் போகும் மாலுமியைக்கூடக் குடியேறியவனாகக் கணக்குக் காட்டினார்கள்.

இந்த விதி பலித்ததற்குக் காரணம் புகையிலை. ஜான் ரால்ஃப் என்ற குடியேறி 1612 வாக்கில் மேற்கிந்தியத் தீவு ரகத்தைப் பயிரிட்டார். 1617-இல் சுமார் 20,000 ராத்தல் இங்கிலாந்து போனது. ஆள் தின்னும் பயிர் அது. முன்வசந்தத்தில் நாற்றங்கால், மே மாதம் நடவு, பிறகு நுனி கிள்ளணும், பக்கத் தளிர் ஒடிக்கணும், புழுவைக் கையால் பொறுக்கணும், அறுத்துக் கொட்டகையில் தொங்கவிட்டுப் பாடம் செய்யணும். அடிக்கட்டைகள் நிற்கும் காட்டில் ஏர் ஓடாது, மண்வெட்டிதான். மூன்று நான்கு வருஷத்தில் மண் செத்துவிடும், புதுக் காட்டை அழிக்கணும். ஆளும் வேண்டும், நிலமும் வேண்டும். 50 ஏக்கர் விதி இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டது.

அந்தப் புகழ்பெற்ற சபை என்ன செய்தது? முதல் ரகப் புகையிலை ராத்தல் 3 ஷில்லிங், இரண்டாம் ரகம் 18 பென்ஸ் என்று விலை வைத்தது. ஆளுக்கு வருஷம் 6 மல்பெரி மரம் நடச் சொன்னது, பட்டுக்காக. பட்டு வரவேயில்லை. புகையிலையே பணமாகி, அபராதமும் பாதிரியார் சம்பளமும் அதிலேயே போனதால் எல்லாரும் வயலில் காசு அடித்தார்கள். 1630 வாக்கில் விலை ஒரு பென்னிக்கு வந்தது. குறையக் குறைய இன்னும் அதிகம் நட்டார்கள்.

அழித்த காடு பவுஹாத்தன் மக்களுடையது. 1622 மார்ச் 22 அன்று அவர்கள் தாக்கியதில் 347 குடியேறிகள் இறந்தனர். 1624-இல் நீதிமன்றம் கம்பெனியின் பட்டயத்தை ரத்துசெய்து காலனி மன்னரிடம் போனது. 50 ஏக்கர் விதி மட்டும் அப்படியே நின்றது. 1619 ஆகஸ்டில் வர்ஜீனியாக் கரையிலுள்ள பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்ட இருபதுக்கும் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் தலைக்கும் பண்ணைக்காரர்கள் 50 ஏக்கர் எழுதி வாங்கினார்கள். ஒப்பந்த ஆளுக்காவது காலக்கெடு இருந்தது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-இல் சட்டம் வந்தது. நிறைவேற்றியது, 1619-இல் தேவாலயத்தில் தொடங்கிய அதே சபை.